இடப்பக்கம், வலப்பக்கம்: அறிவியல் புனைகதையில் தள்ளிவைக்கப்பட்டவர்களை வாசிப்பது எப்படி

பினாங்கின் லிட்டில் இந்தியாவில், ஒரு கடையின் மாடி அறையில், ஞாயிறு மாலைகளில் கூடுகிறது எங்கள் வாசிப்பு வட்டம். பழைய அறிவியல் புனைகதைகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சமூகம் தள்ளிவைத்த மனிதர்கள் எப்படி உருவாகிறார்கள் என்று எட்டு வாரம் வாசிக்கலாம் என நான் சொன்னபோது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். “தம்பி, ஊர் தள்ளி வெச்சுது, அவன் கெட்டுப் போனான். கதை இவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு எட்டு வாரம்?” என்றார். அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. இதே பொருளில் மூன்று முறை வட்டம் நடத்திய பிறகு இப்போது ஒன்று இருக்கிறது. ஊர் தள்ளிவைத்ததற்கும் அவன் கெட்டுப்போனதற்கும் நடுவே இந்த நூல்கள் சில மாதங்களை, சில நாட்களை, சமயத்தில் ஒரே ஓர் இரவை வைத்திருக்கின்றன. ஆளை உருவாக்குவது அந்த இடைக்காலம்தான். அதைத் தாண்டிக் குதித்து வாசிப்பவருக்குப் பெரியவர் சொன்ன ஒற்றை வரிக்கு மேல் எதுவும் கிடைக்காது. அந்த இடைக்காலத்தை எப்படி வாசிப்பது, நாலைந்து பேரைக் கூட்டிவைத்து அதை எப்படிப் பேசுவது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

நோட்டுப் புத்தகமும் ஒரு சிறுகதையும்

முதலில் ஒரு பள்ளி நோட்டும் பென்சிலும் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டை விரித்தால் எதிரெதிரே இரண்டு பக்கங்கள் கிடைக்கும். இடப்பக்கத்தில் மற்றவர்கள் அந்தப் பாத்திரத்துக்குச் செய்ததை எழுத வேண்டும். வலப்பக்கத்தில், அதே வரியின் நேரே, அதற்கு அடுத்து அந்தப் பாத்திரம் செய்ததை எழுத வேண்டும். ‘வேதனைப்பட்டான்’, ‘வெறுப்பு மூண்டது’ போன்றவற்றை எழுதாதீர்கள். அவை பெரும்பாலும் நம் ஊகமாகவோ, பாத்திரம் தன்னைப் பற்றிச் செய்துகொள்ளும் வாதமாகவோ இருக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய செயலை மட்டும் எழுதுங்கள்: கல்லெறிந்தார்கள், ஓடினான், விறகு வெட்டினான், கதவைத் தட்டினான். இரண்டு பக்கமும் நிரம்பிய வரிகள் அவ்வளவு முக்கியமல்ல. ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டு எதிர்ப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும் வரிகளைச் சிவப்பில் சுழித்துவையுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

பழகிக்கொள்வதற்கு ரே பிராட்பரி 1954-இல் வெளியிட்ட ‘ஆல் சம்மர் இன் எ டே’ என்ற சிறுகதையை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ஓயாமல் மழை பெய்யும் வெள்ளிக் கோளில் ஏழாண்டுக்கு ஒருமுறை சிறிது நேரம் மட்டும் சூரியன் தெரிகிறது. வகுப்பில் உள்ள ஒன்பது வயதுப் பிள்ளைகளில் சூரியனை நினைவில் வைத்திருப்பவள் பூமியிலிருந்து வந்த மார்கோ ஒருத்திதான். அவள் அதைப் பற்றி எழுதுகிறாள். மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுவதில்லை. அவளைப் பெற்றோர் பூமிக்கே திருப்பி அழைத்துப் போகக்கூடும் என்ற பேச்சும் இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து அவள் மேல் பகையாகத் திரள, சூரியன் வரும் வேளையில், ஆசிரியை இல்லாத சமயம் பார்த்து, பிள்ளைகள் அவளை ஓர் அலமாரி அறையில் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு வெயிலில் ஓடுகிறார்கள், மறந்துபோகிறார்கள், மழை திரும்பிய பிறகுதான் ஒருத்திக்கு நினைவு வருகிறது. மெல்ல நடந்துபோய்க் கதவைத் திறந்து மார்கோவை வெளியே விடுகிறார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது. வெளியே வந்தவள் அழுதாளா, அடித்தாளா, ஒன்றும் சொல்லாமல் போனாளா என்று பிராட்பரி எழுதவில்லை. இடப்பக்கம் நிறைந்திருக்கிறது, வலப்பக்கத்தின் கடைசி வரி காலி. வட்டத்தில் உள்ள ஒவ்வொருவரையும் அந்தக் காலி வரியைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். எங்களில் சிலர் தங்கள் தமிழ்ப்பள்ளி நாட்களுக்கு எப்படிப் போனார்கள் என்பது தனிக்கதை.

நூல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கிடைப்பவை. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசுவது நம் ஊரில் யாருக்கும் புதிதல்ல. சௌராஸ்தா சந்தையின் மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் வெல்ஸும் விண்டமும் மலிவாகவே கைக்கு வருவார்கள்.

அவனா, அதுவா?

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று வாரங்களை மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு ஒதுக்குங்கள். இந்தப் பொருளில் இதற்கு மேல் ஒரு நூல் இல்லை என்பது என் கருத்து. பின்னால் வந்தவை பலவும் இதற்கு எழுதிய உரைகளே. 1815 ஏப்ரலில் நமக்குத் தென்கிழக்கே, சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பல் வானில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை வரவே இல்லை. ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்துகிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவது என்று வைத்துக்கொண்ட போட்டியில், பதினெட்டு வயது மேரி தொடங்கியது இந்த நாவல். 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் வெளிவந்தது; 1831-இல் அவரே திருத்தி மறுபடி வெளியிட்டார். வட்டத்தில் எல்லோரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அத்தியாய எண்கள் இடித்து அரைமணி நேரம் வீணாகும். நாங்கள் 1831 பதிப்பைப் பயன்படுத்துகிறோம்.

முதல் முறை நான் செய்த தவறு, நாவலுக்கு முன்னால் 1931-ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தைப் போட்டுக் காட்டியது. படத்தில், ஃபிராங்கன்ஸ்டைன் என்பவன் படைத்த அந்தப் பிறவிக்குப் பேச்சு இல்லை, உறுமல்தான். நாவலிலோ அவன்தான் எல்லோரையும் விட நன்றாகப் பேசுகிறான். நூலின் நடுவே, பதினோராம் அத்தியாயம் முதல் பதினாறு வரை, முழுக்க அவன் வாய்மொழி. படம் பார்த்தவர்கள் அந்த ஆறு அத்தியாயங்களையும் உறுமலாகவே படித்தார்கள். படத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மேலே ‘அவன்’ என்று எழுதியிருக்கிறேன். வாசிப்பதற்கு முன்னால் வட்டம் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி இது, தமிழில் பேசுகிறவர்களுக்குத் தப்ப முடியாத கேள்வியும்கூட. ‘உயர்திணை என்மனார் மக்கட்சுட்டே’ என்கிறது தொல்காப்பியம். பிணங்களின் உறுப்புகளால் தைக்கப்பட்டு, எட்டடி உயரத்தில் எழுந்து நிற்கும் ஒருவன் மக்கட்சுட்டுக்குள் வருவானா? ‘அவன் வந்தான்’ என்றால் நாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம். ‘அது வந்தது’ என்றால் மறுபக்கம். எங்கள் வட்டத்தில் இந்த நாவலின் முதல் வாரம் எல்லோரும் ‘அது’ என்றுதான் தொடங்கினார்கள். யார், எந்தப் பக்கத்தில், தன்னை அறியாமல் ‘அவன்’ என்று மாறினார் என்பதை ஒருவர் மட்டும் ஓசைப்படாமல் குறித்துக்கொண்டே வரட்டும். நாவலின் மூன்றாம் வாரத்தின் முடிவில் அந்தக் குறிப்பைப் படித்துக் காட்டுங்கள். பெரும்பாலோர் திணை மாறிய இடம் ஒன்றேதான்: குருட்டுப் பெரியவர் டி லேசியின் வீடு.

இன்னொரு சொல்லிலும் கவனம் தேவை. தள்ளிவைக்கப்பட்டவனைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘பரையா’ என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்குவார்கள். அது பறையைக் கொட்டிய ஒரு சமூகத்தின் பெயரிலிருந்து, நம் மொழியிலிருந்து, அங்கே போன சொல். ஆங்கிலத்தில் அது வெறும் உவமை. நம் அறையில் அது உவமையாக இருக்க முடியாது, ஏனென்றால் அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. தமிழில் பேசும்போது தள்ளிவைத்தல், ஒதுக்கிவைத்தல், ஊர்விலக்கு என்று வினையைச் சொல்லுங்கள். வினையைச் சொன்னால் ‘செய்தவர் யார்’ என்ற கேள்வி உடனே எழும். இடப்பக்கத்துக்கு வேண்டியதும் அதுதான்.

டி லேசியின் வீட்டில் நிறுத்துங்கள்

இப்போது நோட்டை நிரப்புவோம். இடப்பக்கம் முதல் வரி: கண் திறந்த இரவிலேயே படைத்தவன் அவனை விட்டு ஓடினான். வலப்பக்கம்: படைத்தவனின் படுக்கைத் திரையை விலக்கிக் கையை நீட்டினான். இரண்டாவது: குடிசையில் காலை உணவு தயாரித்துக்கொண்டிருந்த கிழவர் அலறிக்கொண்டு ஓடினார். வலப்பக்கம்: அவர் விட்டுப்போன ரொட்டி, பாலாடைக்கட்டி, பால் எல்லாவற்றையும் சாப்பிட்டான், திராட்சை மது மட்டும் பிடிக்கவில்லை, படுத்துத் தூங்கினான். மூன்றாவது: ஊரார் கல்லெறிந்தார்கள். வலப்பக்கம்: ஒரு வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்தான். இதுவரை பயந்த பிள்ளை செய்வதற்கு மேல் அவன் எதுவும் செய்யவில்லை என்பதைப் பாருங்கள்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் இடப்பக்கத்தில் ஒன்றுமே இல்லை. வலப்பக்கமோ நிரம்பி வழிகிறது. அந்த வீட்டாரின் உணவைத் திருடித் தின்றவன், அவர்களே பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் காட்டுக் கிழங்கையும் பழத்தையும் தின்கிறான். இரவில் விறகு வெட்டி அவர்கள் வாசலில் போடுகிறான், பாதையில் பனியை அள்ளிப்போடுகிறான். சுவர் இடுக்கில் கண்ணை வைத்து, அவர்கள் அயல்நாட்டுப் பெண் சஃபிக்கு மொழி கற்பிப்பதைக் கேட்டுத் தானும் கற்கிறான். இந்தக் காலத்தில்தான் ஒரு தெளிந்த குட்டையில் தன் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறான். அந்த வரியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எங்கள் வட்டத்தில் சண்டையே வந்தது. குட்டை யாரையும் தள்ளிவைக்காது. ஆனால் அழகு எது என்ற அளவுகோலை அவன் அந்த வீட்டாரின் முகங்களிலிருந்துதான் எடுத்துக்கொண்டான். அவர்கள் கண்ணால் தன்னைப் பார்த்தான்.

பிறகு வருகிறது அந்த நாள். இளையவர்கள் உலாவப் போகிறார்கள். பார்வையற்ற பெரியவர் தனியே இருக்கிறார். அவன் கதவைத் தட்டுகிறான், உள்ளே வந்து உட்கார்கிறான், தனக்கு நண்பர்கள் இருக்கிறார்கள் என்றும் அவர்களுக்குத் தன்னைத் தெரியாது என்றும் சொல்கிறான். பெரியவர் பரிவோடு பேசுகிறார். இதுவரை ஒரு மனிதன் அவனோடு பேசியதே இல்லை. வெளியே காலடி கேட்கிறது. அவன் பெரியவரின் கையைப் பற்றிக்கொண்டு காப்பாற்றச் சொல்கிறான், அப்போதுதான் அவர் “நீ யார்?” என்கிறார். கதவு திறக்கிறது. ஒருத்தி மயங்கி விழ, சஃபி வெளியே ஓட, மகன் ஃபீலிக்ஸ் அவனைப் பிய்த்து எறிந்து தடியால் அடிக்கிறான்.

வாசிப்பை இங்கே நிறுத்தி, புத்தகத்தை மூடி, ஒரு வாரம் கழித்துத் தொடருங்கள். கதை தெரிந்தவர்கள்கூட ‘அடித்தார்கள், அதனால் வீட்டைக் கொளுத்தினான்’ என்றுதான் நினைவில் வைத்திருப்பார்கள். அடுத்த வாரம் வந்து பார்த்தால் அடிக்கும் தீக்கும் நடுவே எவ்வளவு இருக்கிறது! ஃபீலிக்ஸைச் சிங்கம் மானைக் கிழிப்பதுபோலக் கிழித்திருக்கலாம் என்று அவனே சொல்கிறான்; கிழிக்கவில்லை. அன்றிரவு காட்டில் ஊளையிடுகிறான். மறுநாள் வெயிலில் மனம் ஆறி, தான்தான் அவசரப்பட்டோம், முதலில் பெரியவரோடு நன்கு பழகிய பிறகு பிள்ளைகள் முன் வந்திருக்க வேண்டும் என்று தன்னையே குறைசொல்லிக்கொண்டு திரும்பிப் போகிறான். ஃபீலிக்ஸ் வீட்டுக்காரரிடம், மூன்று மாத வாடகை போனாலும் பரவாயில்லை, இனி இங்கே குடியிருக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். வீடு காலியாகிறது. அன்றிரவுதான் தீ. ஆக, தீ வைக்கச் செய்தது தடியடி மட்டுமல்ல. திரும்பிப்போனபோது வீட்டில் யாரும் இல்லாமல் போனதும்தான். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்த இளைஞர் ஒருவர், “அடிச்சா கூட அங்கேயே இருந்திருக்கணும்” என்றார். அன்றைய மாலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியே பேசினோம்.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கர்ணனைக் கூப்பிடுவார்கள், தடுக்காதீர்கள். அரங்கில் குலம் கேட்டு அவமதிக்கப்பட்டவனும், வாசலில் தடியடி பட்டவனும் ஒரே வரிசையில் நிற்கக்கூடியவர்கள்தான். ஆனால் ஒப்பீட்டை அத்தோடு விட்டுவிடாமல் ஒரு படி மேலே கொண்டுபோங்கள். கர்ணனுக்கு அந்த அரங்கிலேயே ஒருவன் எழுந்து அங்க நாட்டைக் கொடுத்தான். அதன் பிறகு அவன் செய்த சரியும் தவறும் செஞ்சோற்றுக்கடன் என்ற ஒரு கணக்குக்குள் வந்துவிட்டன. ஷெல்லியின் பிறவி, ஒரு துரியோதனன்கூடக் கிடைக்காத கர்ணன். கடன்படவும் அவனுக்கு ஆளில்லை.

இந்த நாவலைப் பரிவோடு மட்டும் வாசித்தாலும் தவறிவிடும். நீரில் அடித்துப்போன சிறுமியைக் காப்பாற்றியதற்குக் குண்டடி பட்டவன், அடுத்துத் தன்னைப் படைத்தவனின் தம்பி, சிறுவன் வில்லியமைக் கொல்கிறான். அந்தச் சிறுவனாவது அவனை அரக்கன் என்று கத்தினான். ஆனால் ஜஸ்டின்? வைக்கோற்பொதியில் தூங்கிக்கொண்டிருந்த பணிப்பெண். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. 1831 பதிப்பில், இவள் விழித்தால் என்னைச் சபிப்பாள், காட்டிக்கொடுப்பாள் என்று அவனே எண்ணிக்கொண்டு, கொலைப்பழி அவள் மேல் விழும்படி சிறுவனின் பதக்கத்தை அவள் உடையில் செருகிவிட்டுப் போகிறான். அவள் தூக்கில் தொங்குகிறாள். இங்கே வலப்பக்கம் எழுதப்பட்டு, இடப்பக்கம் காலி. சரியாகச் சொன்னால், இடப்பக்கத்தையும் அவனே எழுதிக்கொள்கிறான். இந்த எட்டு வாரத்தில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் மனப்பாடமாக வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒருவனைத் தள்ளிவைப்பதில் ஊரின் வேலை முடிகிற இடம், அவன் ஊருக்காகத் தானே இடப்பக்கத்தை எழுதத் தொடங்குகிற இடம்.

பொய்க் கணக்கு எழுதுகிறவன்

இந்தத் தெளிவோடு ஹெச்.ஜி. வெல்ஸிடம் போனால் 1897-இல் வந்த ‘தி இன்விசிபிள் மேன்’ வேறு நாவலாகத் தெரியும். முகமெல்லாம் கட்டுப்போட்டுக்கொண்டு ஐப்பிங் என்ற சிற்றூர் விடுதிக்குப் பனியில் வந்து சேரும், தன் உடலைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிக்கொண்ட கிரிஃபினை ஊர் துரத்துவதிலிருந்து கதை தொடங்குவதால், அவனும் தள்ளிவைக்கப்பட்டவன் என்றே முதல் பாதி வரை நினைப்போம். பிற்பாதியில் அவனே தன் நண்பன் கெம்பிடம் தன் வரலாற்றைச் சொல்கிறான். அதைக் காலவரிசைப்படி நோட்டில் ஏற்றிப் பாருங்கள். தந்தையிடம் திருடினான், அது தந்தையின் சொந்தப் பணமல்லாததால் அவர் சுட்டுக்கொண்டு செத்தார், குடியிருந்த வீட்டுக்குத் தீ வைத்தான். இவை எவற்றுக்கும் நேரே இடப்பக்கத்தில் எழுத ஊர் அதுவரை எதுவும் செய்திருக்கவில்லை. பிறவியிலேயே நிறமி குறைந்த வெண்மேனி கொண்டவன் அவன். அதற்காக அவனை யாரும் விரட்டியதாக நாவல் காட்டவில்லை. புறக்கணிப்பைக் காரணமாகச் சொல்கிற எல்லோரும் புறக்கணிக்கப்பட்டவர்கள் அல்லர் என்று வெல்ஸ் காட்டுகிறார். இதற்கு ஒரு வாரம் போதும்.

ஜூல்ஸ் வெர்னின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் நெமோவுக்கும் ஒரு வாரம். 1870-இல் முழு நூலாக வந்த கடலடிப் பயண நாவலில் அவர் யார் என்பதே தெரியாது; நெமோ என்றால் இலத்தீனில் ‘யாருமில்லை’. 1875-இல் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் அவர் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார், திப்புவின் உறவினர், 1857 எழுச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்தவர் என்று தெரிகிறது. ஆனால் முதல் நூலிலேயே, இலங்கைக்கு அருகில் மன்னார்க் கடலில், முத்துக்குளிக்க மூழ்கிய ஓர் ஏழையைச் சுறாவிடமிருந்து காக்கக் கத்தியோடு பாய்கிறார். பிழைத்தவன் கையில் ஒரு பை முத்தை வைத்துவிட்டுப் போகிறார். மனிதகுலத்தோடு உறவை அறுத்துக்கொண்டதாகச் சொல்பவர், ஒடுக்கப்பட்ட நாட்டின் அந்த மனிதனோடு மட்டும் அறுத்துக்கொள்ளவில்லை. கொற்கை முத்தின் பெயரைப் பள்ளியில் படித்த நமக்கு அந்தக் காட்சி கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

சட்டமாகிவிட்ட வெறுப்பு

பாலத்தில் தீவை நோக்கி வரும்போது இடப்பக்கம் தெரியும் ஜெரஜாக் தீவைப் பார்க்காத பினாங்குக்காரர் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளர்களை ஒதுக்கிவைத்த இடம். கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்த இடம். 1969 முதல் 1993 வரை சிறை. கேள்வி கேட்ட பெரியவரின் தகப்பனார் சிறுவனாகக் கப்பலில் வந்தபோது அங்கே வைக்கப்பட்டிருந்தாராம். “அங்க போட்டவங்களுக்கு எங்க மேல கோபமே இல்ல தம்பி, பட்டியல் வெச்சிருந்தாங்க” என்று தகப்பனார் சொல்வாராம். வெறுப்புக்கு ஆள் தேவைப்படாமல் ஆகிவிடுகிற அந்த நிலையைப் பற்றியவை அடுத்த நூல்கள்.

ஜான் விண்டமின் ‘தி கிரிசலிட்ஸ்’ 1955-இல் வந்தது. பேரழிவுக்குப் பின் வெகுகாலம் கழித்து, லாப்ரடாரில், இறைவனின் உருவத்துக்கு மாறான எந்த உயிரும் பாவம் என்று நம்பும் ஒரு சமூகம். வீட்டுச் சுவர்களில் அதற்கான வாசகங்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். சிறுமி சோஃபிக்குக் காலில் ஆறு விரல். தாய் அவளைக் காலணி கழற்ற விடுவதேயில்லை. ஒருநாள் ஓடையில் விளையாடியபோது பாறைமேல் அவள் ஈரக்கால் பதிந்த தடத்தை இன்னொரு பையன் எண்ணிப் பார்த்துவிடுகிறான். அந்தத் தடம் காய்வதற்கு ஆகும் நேரம்தான் அவளுடைய குழந்தைப்பருவம். இந்த நூலை வாசிக்கும்போது நோட்டில் ஒரு புதிய வழக்கம் வேண்டும்: இடப்பக்கத்தில் ஒருவர் பெயரும் இல்லாமல் ‘சட்டம்’ என்று மட்டும் வரும் வரிகளைத் தனியே எண்ணுங்கள். இறுதியில் நாயகனையும் நண்பர்களையும் காக்க வரும் பெண், மற்றவர்களைக் கீழான இனம் என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறாள் என்பதையும் கவனியுங்கள். அதை விண்டம் ஏற்றாரா, எச்சரித்தாரா என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. எனக்கு அந்த முடிவு பிடிக்கவே பிடிக்காது.

உரக்கப் படிக்கும்போது

டேனியல் கீஸின் ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’ 1959-இல் சிறுகதையாகவும் 1966-இல் நாவலாகவும் வந்தது. அறிவுக்குறைபாடு உள்ள, ஒரு பேக்கரியில் வேலை செய்யும் சார்லி கார்டன், அறுவைச் சிகிச்சையால் மேதையாகி மறுபடி பழைய நிலைக்கே இறங்குவதை அவன் எழுதும் குறிப்புகளாகவே படிக்கிறோம். தொடக்கக் குறிப்புகள் எழுத்துப்பிழைகளால் நிறைந்தவை. அவற்றைத் தமிழில் சொல்லிக் காட்ட விரும்பினால் லகர ளகர ழகரங்களையும் ரகர றகரங்களையும் கலக்கி எழுதிக்கொண்டு வந்து உரக்கப் படியுங்கள். ஆங்கிலப் பிழையை விட நமக்கு அது நெருக்கமாகக் கேட்கும்.

எங்கள் வட்டத்தில் அப்படி எழுதிய ஒரு பக்கத்தை, மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்து, பின்னால் தானாகத் தமிழ் கற்றுக்கொண்ட ஒரு தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். யோசிக்காமல் கொடுத்தது என் தவறு. எழுதியிருந்த பிழைகளோடு அவருடைய சொந்தத் தடுமாற்றமும் சேர்ந்துகொள்ள, அறை சிரித்தது. நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். படித்து முடித்துத் தாளை மடித்துவைத்துவிட்டு, “அண்ணே, பேக்கரியில சார்லியும் இப்படித்தானே கூடச் சேர்ந்து சிரிக்கிறான்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் இந்த நூலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது எதுவும் இல்லை. இதை ஓர் உத்தியாக யாரும் திரும்பச் செய்ய வேண்டாம். பிழைகள் நிறைந்த பக்கத்தை வட்டத்தை நடத்துபவரே படிக்கட்டும்.

நோட்டுக்கு வருவோம். சார்லியின் இடப்பக்கம் தொடக்கத்தில் நிறைய எழுதப்படும், ஆனால் அதை எழுதுவது நாம்தான். கேலியை நட்பு என்று அவன் நம்புவதால் அவனுக்கு அந்தப் பக்கமே தெரியாது. அறிவு வளர வளர அவன் பழைய வரிகளைத் திரும்பிப் படிக்கிறான். அறிவாளியாகிவிட்டவனை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி உடன் வேலை செய்தவர்களே கையெழுத்திட்டு மனுக் கொடுக்கிறார்கள். கையெழுத்திட மறுப்பவர் ஒரே ஒரு பெண். கடைசியில் பழைய நிலைக்கு இறங்கி அதே பேக்கரிக்குத் திரும்பும்போது, முன்பு கேலி செய்தவர்களே அவனைப் புதியவன் ஒருவனின் சீண்டலிலிருந்து காக்கிறார்கள். கீழே இருக்கும்வரை அவன் நம்மாள். ஏறியபோது தள்ளினார்கள், இறங்கியதும் அணைத்துக்கொண்டார்கள். ஷெல்லியில் காணாத ஒரு தள்ளிவைப்பு இது.

கடைசி வாரம்

எட்டாம் வாரத்துக்கு ராபர்ட் சில்வர்பெர்க்கின் ‘டு சீ தி இன்விசிபிள் மேன்’ என்ற 1963-ஆம் ஆண்டுச் சிறுகதை. மற்றவர்களிடம் ஒட்டாமல் இருந்தது குற்றம். தண்டனை, ஓராண்டுக் காலம் யாரும் அவனைப் பார்க்கக்கூடாது. நெற்றியில் ஓர் அடையாளம் பதித்து அனுப்பிவிடுகிறார்கள்; அவனோடு பேசுகிறவருக்கும் அதே தண்டனை. ஊர்விலக்கு என்றால் என்ன என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. ‘ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்’ என்று கொன்றைவேந்தனை ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வரி யாரை எச்சரிக்கிறது, யாரைக் காக்கிறது என்று கேட்பதற்கு இந்தக் கதை நல்ல சாக்கு.

கதையில் ஒரு காட்சி இருக்கிறது. பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவர் அவனிடம் உதவி கேட்கிறார். பல மாதங்களில் அவனிடம் நேராக ஒரு மனிதன் பேசுவது அதுவே முதல் முறை. அவன் பணத்தை எடுக்கிறான். அதற்குள் ஊன்றுகோலோடு ஒருவர் குறுக்கே வந்து ஏதோ கிசுகிசுக்க, இருவரும் விரைந்து விலகிப் போய்விடுகிறார்கள். எடுத்த பணத்தைக் கையில் பிடித்தபடி அவன் நிற்கிறான்.

டி லேசியின் வீட்டை வாசித்தவர்களுக்கு இந்தக் காட்சி உடனே பிடிபடும், ஆனால் நோட்டில் எழுதச் சொன்னால் திணறுவார்கள். விலகிப்போனது இடப்பக்கம், சரி. கையில் பணத்தோடு நின்றது எந்தப் பக்கம்? நிற்பது செயலா? எடுத்தது செயல்தான், கொடுக்கவில்லையே. எங்கள் பெரியவர் தன் நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே, தையல் போட்ட மடிப்பின் மேலேயே அதை எழுதிவைத்திருந்தார். எழுத்து பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாக, படிக்கக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது.